கச்சான் மாசத்தில வெறுமையாகிற வாங்கு: கல்விச் சமூகவியல் எண்டா என்ன, அதுக்கும் சிறுவர் பாதுகாப்புக்கும் என்ன தொடுப்பு

தை கடைசியில இருந்து மாசி முழுக்க, கச்சான் (நிலக்கடலை) புடுங்கிற காலத்தில, முல்லைத்தீவுப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாருங்கோ, ஒன்பதாம் பத்தாம் வகுப்பில பின்வரிசை வாங்கு (பெஞ்சு) வெறுமையாத்தான் கிடக்கும். நான் மூண்டு வருசம் தொண்டர் ஆசிரியரா இருந்த பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான். இடாப்பை விரிச்சுப் பேர் கூப்பிடேக்க மற்றப் பிள்ளையளே பதில் சொல்லுவினம், "ரீச்சர் அவன் கச்சான் புடுங்கப் போட்டான்". முதல் வருசம் நான் வரேல்ல எண்டு குறியைப் போட்டுட்டு பாடத்தைத் துவங்கிடுவன்.

அடுத்த வருசம் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வாற வழியில அந்தப் பெடியனைக் கண்டன். தோட்டத்தில குந்தியிருந்து, புடுங்கின செடியில இருந்து கச்சானை ஆய்ஞ்சு வாளிக்குள்ள போட்டுக்கொண்டிருந்தான். நகக்கண் முழுக்க செம்மண், பெருவிரல் நுனி வெடிச்சிருந்துது. வாளிக் கணக்கிலதான் கூலி. "எத்தினை வாளி?" எண்டு கேட்டன். "ஏழு ரீச்சர், அம்மான்ரயும் சேர்த்து." அதைச் சொல்லேக்க அவன்ர முகத்தில வெக்கம் இல்லை, பெருமைதான் இருந்துது. கணக்குப் பாடத்தில அவன் ஒருநாளும் அப்பிடித் தலை நிமிர்ந்து எனக்குப் பதில் சொன்னதில்லை.

ஆசிரியர் அறையில அவனைப் பற்றிக் கதை வந்தா "அவனுக்குப் படிப்பு ஏறாது" எண்டதோட முடிஞ்சிடும். இந்த வசனத்தோடதான் எனக்குச் சண்டை. ஒரு பிள்ளை இடைவிலகினா அது அந்தப் பிள்ளையின்ர கதையா இருக்கலாம், ஆனா ஒவ்வொரு வருசமும் அதே குடியிருப்பில இருந்து, அதே ரெண்டு மூண்டு ஒழுங்கையில இருந்துதான் பிள்ளையள் நிக்கினம் எண்டா அது பிள்ளையளின்ர மூளையைப் பற்றின கதை இல்லை, அந்த ஒழுங்கையைப் பற்றின கதை. இந்த ரெண்டாவது கதையைத் தேடிப் போற படிப்புக்குப் பேர்தான் கல்விச் சமூகவியல். எப்பிடிப் படிப்பிக்கிறது எண்டு அது சொல்லித்தராது. யார் வகுப்புக்குள்ள இருக்கினம், யார் வெளியில போகினம், உள்ள இருக்கிறவையிலயும் யாருக்கு என்ன கிடைக்குது, ஏன் எண்டு கேக்கும்.

இதைத் துவக்கி வைச்ச ஆக்களில முக்கியமானவர் எமில் துர்க்கைம், பிரான்ஸ்காரர், 1858 இல பிறந்தவர். கல்வி எண்டது வளர்ந்த தலைமுறை வளருற தலைமுறையைச் சமூகத்துக்குத் தயார் பண்ணுற வேலை எண்டு சொன்னார். சமூகமயமாக்கல் எண்டு பாடத்தில படிச்சிருப்பியள். வீட்டில அம்மம்மா சொல்லித்தாறதும் அதுதான், ஆனா வீட்டில நீங்கள் மகன், பேரன், பள்ளிக்கூடத்தில நீங்கள் நாற்பது பேரில ஒராள், மணி அடிச்சா எழும்போணும், வரிசையில நிக்கோணும், உங்களுக்குச் சொந்தமில்லாத ஆளின்ர சொல்லைக் கேக்கோணும். ஊரில நாளைக்கு வாழுறதுக்கு இது தேவைதான், நான் மறுக்கேல்ல.

ஆனா பள்ளிக்கூடம் புத்தகத்தில இல்லாத பாடத்தையும் படிப்பிக்குது. அதை மறைகலைத்திட்டம் எண்டு சொல்லுவினம். கல்வி வலயத்தில இருந்து பணிப்பாளர் வாற நாளில மாலை போடக் கூப்பிடுறது யாரை, மலசலகூடம் கழுவ அனுப்புறது யாரை, தமிழ்த்தினப் போட்டிக்கு ஒவ்வொரு வருசமும் பேர் குடுக்கிறது யாரின்ர பிள்ளையை, இதெல்லாம் பாடம். சப்பாத்து இல்லாமல் செருப்போட வந்த பிள்ளையைக் காலமைக் கூட்டத்தில வரிசையால வெளியில எடுத்து நிப்பாட்டினா அண்டைக்கு அந்தப் பிள்ளை படிச்சது தேவாரத்தை இல்லை, தான் யார் எண்டதை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து என்ன விலை எண்டு கூலிக்குப் போற வீடுகளைக் கேட்டுப் பாருங்கோ.

அடுத்தது பியர் பூர்டியூ. இவரும் பிரான்ஸ்தான், ஆனா தபால்கந்தோரில வேலை செய்த அப்பாவுக்கு ஒரு கிராமத்தில பிறந்த பெடியன், பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போய் அங்க தான் அந்நியன் எண்டதை அனுபவிச்சு உணர்ந்தவர். காசு மட்டும் மூலதனம் இல்லை, பண்பாட்டு மூலதனம் எண்டு ஒண்டு இருக்குது எண்டார். வீட்டில புத்தகம் இருக்கிறது, அம்மா ஓஎல் சோதினை தாண்டியிருக்கிறது, கந்தோருக்குப் போனா எப்பிடிக் கதைக்கிறது, எந்தப் பாடம் எடுத்தா எந்தக் கம்பசுக்குப் போகலாம் எண்டு தெரிஞ்ச ஒரு மாமா இருக்கிறது, எல்லாம் மூலதனம். பள்ளிக்கூடம் இதை யாருக்கும் படிப்பிக்காது, ஆனா எல்லாருக்கும் இது இருக்குது எண்டு நினைச்சுத்தான் பரீட்சை வைக்கும். இருக்கிற பிள்ளை பாஸ் பண்ணினா "கெட்டிக்காரன்", இல்லாத பிள்ளை விட்டா "மொக்கு". வீட்டுச் சொத்து இப்பிடித்தான் மூளையா வேசம் மாறுது.

இதை கிளிநொச்சியில வடிவாப் பார்க்கலாம். 1977, 1983 கலவரங்களில மலையகத்தில இருந்து அடிபட்டு வந்து வன்னியில குடியேறின சனத்தின்ர பேரப்பிள்ளையள் இண்டைக்கு மலையாளபுரம், பாரதிபுரம் மாதிரி இடங்களில இருக்கினம். தலைமுறையாக் கூலி வேலை, கனபேருக்குக் காணிக்கு ஒழுங்கான உறுதி இல்லை, குளத்துத் தண்ணி பாயிற வயல் அவையிட்டை இல்லை. அந்தப் பிள்ளை வகுப்பில வாய் துறந்தா சில இடங்களில கதைக்கிற விதத்தை வைச்சே சிரிப்பினம். இங்கிலாந்தில பேசில் பேர்ன்ஸ்ரைன் எண்ட சமூகவியலாளர் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையள் வீட்டில பேசுற பாசைக்கும் பள்ளிக்கூடம் எதிர்பார்க்கிற பாசைக்கும் உள்ள இடைவெளியைப் பற்றிக் கன காலம் எழுதினவர், எங்கட ஊரில அது பாசையோட நிக்காமல் ஆர் எந்த ஊர், ஆர் எந்த ஆக்கள் எண்டது வரைக்கும் போகுது. சாதியைப் பற்றி ஒருத்தரும் வாய் துறக்கிறதில்லை, ஆனா எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்தக் குறிச்சிப் பிள்ளையள் போறது எண்டது ஊருக்குத் தெரியும்.

"இலவசக் கல்விதானே, பிறகென்ன" எண்டு கேப்பினம். ஓம், கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 இல இருந்து இருக்குது, பாடப்புத்தகம் 1980 இல இருந்து இலவசம், சீருடைத் துணி 1993 இல இருந்து. எங்கட சனத்துக்கு இது செய்த நன்மையைச் சின்னதாச் சொல்ல என்னால ஏலாது. ஆனா பள்ளிக்கூடம் இலவசம், ரியூசன் இலவசமில்லை, அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு மூண்டாம் வகுப்பிலயே ரியூசனுக்கு விடுற வீடும் ஒரு கொப்பிக்கு யோசிக்கிற வீடும் ஒரே வினாத்தாளைத்தான் செய்யினம்.

போர் முடிஞ்ச பிறகு நல்ல கட்டிடங்கள் கட்டினவை, கணினி அறை, விஞ்ஞானகூடம் எல்லாம் வந்தது. பெறுபேறு ஏன் அந்தளவுக்கு ஏறேல்ல எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒரு பழைய ஆய்வு இருக்குது. 1966 இல அமெரிக்காவில ஜேம்ஸ் கோல்மன் ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களை வைச்சுச் செய்தது. பள்ளிக்கூடத்தின்ர வசதியை விட பிள்ளையின்ர குடும்பப் பின்னணிதான் பெறுபேறைக் கூடத் தீர்மானிக்குது எண்டு அதில வந்தது. கட்டிடம் வேண்டாம் எண்டு இதுக்குக் கருத்தில்லை. மழைக்கு ஒழுகுற தகரக் கொட்டிலுக்குள்ள படிச்ச பிள்ளைக்குக் கட்டிடம் எவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியும். ஆனா வீட்டை விட்டுட்டுக் கட்டிடத்தை மட்டும் திருத்தினா பாதி வேலைதான் நடக்கும்.

ஆசிரியரின்ர வாயும் ஒரு காரணம். 1968 இல ரொசந்தால், ஜேக்கப்சன் எண்ட ரெண்டு பேர் ஒரு ஆய்வு வெளியிட்டவை. கலிபோர்னியாவில ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில கொஞ்சப் பிள்ளையளைச் சும்மா சீட்டுக் குலுக்கின மாதிரித் தெரிஞ்செடுத்து, இவை இந்த வருசம் நல்லா முன்னேறுவினம் எண்டு ஆசிரியர்மாருக்குச் சொன்னவை. வருசக் கடைசியில பார்த்தா சின்ன வகுப்புகளில அந்தப் பிள்ளையள் உண்மையிலயே கூட முன்னேறியிருந்தவை. இந்த ஆய்வை விமர்சிச்ச ஆக்களும் இருக்கினம், எல்லா வகுப்பிலயும் அப்பிடி நடக்கேல்ல. எண்டாலும் நாலு வருசம் தொடர்ந்து "மொக்கு" எண்டு கேட்ட பிள்ளை அஞ்சாம் வருசம் கை உயர்த்தாது எண்டதுக்கு எனக்கு அமெரிக்க ஆய்வு தேவையில்லை, என்ர வகுப்பிலயே கண்டிருக்கிறன்.

இனி சிறுவர் பாதுகாப்பு. சிறுவர் எண்டா 18 வயசுக்குக் குறைஞ்ச எல்லாரும். 1989 இல ஐ.நா. கொண்டுவந்த சிறுவர் உரிமைகள் சமவாயம் அப்பிடித்தான் சொல்லுது, இலங்கை 1991 இல அதை ஏற்றுக்கொண்டது. "பாதுகாப்பு" எண்டவுடன எங்கட சனத்துக்கு ஞாபகம் வாறது ஒண்டுதான், பாலியல் துஷ்பிரயோகம், அதுவும் தெரியாத ஒருத்தன் செய்யிறது. உண்மையில நாலு விதமாப் பார்ப்பினம், உடலால, மனசால, பாலியலால, பிறகு புறக்கணிப்பு. செய்யிறவர் கனக்க நேரம் பிள்ளைக்குத் தெரிஞ்ச, பிள்ளை நம்புற ஆள்தான். சத்தமே போடாதது நாலாவது, புறக்கணிப்பு. அதுக்குள்ள வறுமை எது, கவனிக்காமல் விட்டது எது எண்டு பிரிக்கிறதுக்குத்தான் சமூகவியல் வேணும். கச்சான் புடுங்கக் கூட்டிக்கொண்டு போன அம்மா பிள்ளையைப் புறக்கணிச்சவவா?

அந்தப் பெடியன்ர வீட்டுக்கு நான் போனன். அம்மா கேத்தில் வைச்சுத் தேத்தண்ணி போட்டுக்கொண்டே சொன்னா, "ரீச்சர், வெள்ளிக்கிழமை லோன்காரர் வருவினம். இந்த மாசம் விட்டா வேற வருமானம் இல்லை." லோன்காரர் வந்தா "அம்மா இல்லை" எண்டு சொல்லுற வேலை அவன்ர தங்கச்சிக்கு, ஏழு வயசு. பிறகு தன்ர கதைக்கு வந்தா. 2008 இல தான் பத்தாம் வகுப்பாம். கணக்கில வகுப்பில முதலாம் ஆளாம். அந்த வருசத்தோட சரி.

இந்த இடத்தில வன்னியின்ர வரலாறு வராமல் கதைக்கேலாது. அந்த நாளில வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் (விடுதலைப் புலிகள்) ஆள் சேர்த்தது, 18 க்குக் குறைஞ்ச பிள்ளையளும் அதில போனவை. வானத்தில கிபிர் குண்டுவிமானம். 2006 ஆவணி 14 வள்ளிபுனத்தில செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில குண்டு விழுந்து செத்தது பள்ளிக்கூடப் பிள்ளையள். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினா திரும்பி வருமோ எண்ட பயத்தில தாய்தகப்பன் பிள்ளையளை வீட்டுக்குள்ள மறைச்சினம், பெட்டையளுக்குப் பதினாறு பதினேழில கலியாணம் கட்டி வைச்சினம், கட்டினா கொண்டுபோகாயினம் எண்டு. பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், அதுக்குப் பிறகு செட்டிகுளம் மெனிக்பாம் முகாம். பிள்ளையைக் காப்பாத்த எடுத்த முடிவுதான் அந்தப் பிள்ளையின்ர படிப்பை நிப்பாட்டினது. அண்டைக்குப் பத்தாம் வகுப்போட நிண்ட அந்தப் பெட்டையளின்ர பிள்ளையள்தான் இண்டைக்கு எங்கட ஒன்பதாம் பத்தாம் வகுப்பில இருக்கினம். பூர்டியூ சொன்ன மூலதனம் இஞ்ச இல்லாமல் பிறக்கேல்ல, இருந்ததைப் பறிச்சது. அந்த அம்மாவைப் பார்த்து "பிள்ளையின்ர படிப்பில அக்கறையில்லாதவ" எண்டு சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது.

அதுக்காக பிள்ளை வேலைக்குப் போறது சரி எண்டு நான் சொல்ல வரேல்ல. சட்டம் தெளிவா இருக்குது. கட்டாயக் கல்வி முதல் 5 இல இருந்து 14 வயசு வரைக்கும் இருந்து 2016 இல 16 ஆக்கினவை, வேலைக்கு எடுக்கிற ஆகக் குறைஞ்ச வயசையும் 2021 இல 16 ஆக்கிட்டினம். பொதுச் சட்டத்தில கலியாண வயசு 18. 16 க்குக் குறைஞ்ச பெட்டையோட உறவு வைச்சா அவள் விரும்பினவள் எண்டு சொன்னாலும் சட்டத்தில அது வன்புணர்வு. ஊரில "ரெண்டு பேரும் விரும்பித்தானே போனவை, பொலிசுக்குப் போய் என்னத்துக்கு பெட்டையின்ர பேரைக் கெடுப்பான்" எண்டு முடிச்சு விடுற விசயங்கள் இதுக்குள்ளதான் வரும்.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்கோ. பிள்ளை ஆபத்தில இருக்குது எண்டதை ஊரில முதல் முதல் காட்டுறது பொலிசும் இல்லை ஆஸ்பத்திரியும் இல்லை, வகுப்பின்ர வரவு இடாப்பு. வீட்டில அடி விழுந்தாலும், அம்மா வெளிநாடு போய் பிள்ளை பெரியம்மா வீட்டுக்கு மாறினாலும், பதினஞ்சு வயசுப் பெட்டைக்கு ஒரு வீட்டில கலியாணப் பேச்சு நடந்தாலும், பெடியன் மண் ஏத்துற டிராக்டரில ஏறினாலும், போதைப்பொருள் கைக்கு வந்தாலும், முதல் அடையாளம் ஒண்டுதான், திங்கட்கிழமை வரேல்ல. பிறகு செவ்வாயும் வரேல்ல. அந்த இடத்தில ஆராவது கேட்டா சின்ன விசயத்தோட நிக்கும், ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டா பிள்ளை திரும்பி வர வெக்கப்படும்.

அதுக்கு ஆக்கள் இல்லாமலில்லை. கட்டாயக் கல்வி ஒழுங்குவிதியில கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரு பாடசாலை வரவுக் குழு எண்டே இருக்குது. பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிசில சிறுவர் மகளிர் பிரிவு, பள்ளிக்கூடத்தில ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். பிரச்சினை என்னெண்டா இவையளுக்கிடையில பிள்ளை விழுந்துபோற இடைவெளி. ஆசிரியர் விதானையார் (கிராம அலுவலர்) பார்ப்பார் எண்டு நினைக்க, விதானையார் பள்ளிக்கூடம் அறிவிக்கும் எண்டு நினைக்க, மாசி முடிஞ்சு பங்குனி வந்திடும். எங்கட பள்ளிக்கூடத்தில பிறகு நாங்கள் செய்தது பெரிய வேலை இல்லை. மூண்டு நாள் தொடர்ந்து வராட்டி அண்டைக்குப் பின்னேரமே ஒராள் வீட்டுக்குப் போறது, அதட்ட இல்லை, என்ன நடக்குது எண்டு கேக்க. கச்சான் காலத்தில விட்ட பாடத்தைச் சனிக்கிழமையில திரும்ப எடுத்தம். அந்தப் பெடியன் தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தான் எண்டு சொல்லமாட்டன், ஆனா வந்தான்.

அடியைப் பற்றியும் சொல்லோணும், ஏனெண்டா இது ஆசிரியர் ஆக்கள் கதைக்க விரும்பாத பகுதி. பள்ளிக்கூடத்தில அடிக்கிறதுக்குக் கல்வி அமைச்சு 2005 இலயே சுற்றறிக்கையால தடை போட்டது. 1995 இல இருந்து தண்டனைச் சட்டக்கோவையில சிறுவர் மீதான கொடுமை தனிக் குற்றம். "நாங்களும் அடி வாங்கித்தானே படிச்சனாங்கள்" எண்டு சொல்லுற ஆக்களிட்ட நான் கேக்கிறது, உங்களோட அடி வாங்கி நிண்டுபோன மற்றப் பிள்ளையள் இப்ப எங்க? வீட்டில அடி வாங்குற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலயும் பிரம்பு எண்டா வீட்டில நடக்கிறதை அது ஆரிட்டப் போய்ச் சொல்லும்? மறைகலைத்திட்டத்தில நாங்கள் படிப்பிக்கிற மோசமான பாடம் இதுதான், பெரியவை அடிக்கலாம், நீ வாய் பொத்தோணும்.

பிள்ளையள் இல்லங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்னியில கனபேர் வறுமையால, படிக்கட்டும் எண்டு பிள்ளையைக் கொண்டுபோய் விடுகினம். இல்லங்களில இருக்கிற பிள்ளையளில கனபேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடதான் இருக்கினம். நல்லா நடத்துற இல்லங்கள் இருக்குது, அதுகள் போருக்குப் பிறகு செய்த உதவியை மறக்கேலாது, ஆனா பிள்ளையைத் தாயிட்ட இருந்து பிரிச்சுத்தான் படிப்பிக்கலாம் எண்டு ஒரு நிலை இருந்தா, அந்த வீட்டுக்கு அதே உதவியை ஏன் குடுக்கேலாது எண்டு கேக்கோணும்.

ஒரு பிள்ளை உங்களிட்ட வந்து ஏதும் சொன்னா என்ன செய்யிறது எண்டு கனபேருக்குத் தெரியாது. முதல், முழுக்கக் கேளுங்கோ, இடையில "உண்மையோ", "நீ ஏன் அங்க போனனி" எண்டு கேக்காதேங்கோ. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணாதேங்கோ, அதைக் காப்பாத்த உங்களால ஏலாது. உன்னில பிழையில்லை, நீ சொன்னது நல்லது எண்டு சொல்லுங்கோ. வீட்டுக்குப் போன உடன திகதி, நேரம், பிள்ளை சொன்ன வசனத்தைச் சொன்ன மாதிரியே எழுதி வையுங்கோ, உங்கட சொல்லில திருத்தாதேங்கோ. திரும்பத் திரும்ப ஆள் மாறி ஆள் பிள்ளையை விசாரிக்க விடாதேங்கோ. பிறகு 1929 க்கு அடியுங்கோ, 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம் அது, இரவு பகல் எடுக்கலாம், காசில்லை, தமிழிலயே சொல்லலாம். உங்கட பேரைச் சொல்லப் பயமெண்டா அதையும் சொல்லுங்கோ, பேர் இல்லாமலும் முறைப்பாடு எடுப்பினம். பிள்ளை இருக்கிற ஊர், பள்ளிக்கூடம், நீங்கள் கண்டது கேட்டது, இவ்வளவும் கையில இருந்தாக் காணும்.